'முடிந்தது' என்று கணினி சொன்னால் போதுமா?

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளிடம் நான் பதிவுசெய்த வாக்குமூலங்களை, வின்டோஸ் கணினியில் ஒரு சிறிய பேட்ச் கோப்பு வாரந்தோறும் வெளி வன்தட்டுக்குப் பிரதி எடுக்கிறது. பதிலுக்குக் காத்திருந்தே கண்மூடிய பெற்றோர் பலர். அவர்களின் குரலை மறுபடி பதிவுசெய்ய முடியாது. ஆகவே, பிரதி சரியாக எடுபட்டதா என்பதை அந்தக் கோப்பே சோதித்துச் சொல்ல வேண்டும். குடும்ப ஆவணங்களைப் பாதுகாப்போருக்கும் இது உதவும். கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதுகிறேன். தட்டச்சிடும்போது ஆங்கில எழுத்துகளில் இடுங்கள்.

மூன்று தடயங்கள்

ஒரு கட்டளையின் வழக்கமான வெளியீடு 1ஆம் வழியிலும், வழுச்செய்தி 2ஆம் வழியிலும் வரும். திரையில் இரண்டும் கலந்தே தெரியும். மூன்றாவது, கட்டளை முடியும்போது விட்டுச்செல்லும் எண். அது 'எரர்லெவல்' என்ற மாறியில் கிடைக்கும்.

வெளியீட்டைப் பிடித்தல்

'ஃபோர் /எஃப்' கட்டளை, ஒற்றை மேற்கோளுக்குள் கொடுக்கும் இன்னொரு கட்டளையை இயக்கி, அதன் வெளியீட்டை வரிவரியாகத் தரும். சும்மா விட்டால் வரியின் முதற்சொல் மட்டுமே கிடைக்கும். முழு வரிக்கு 'டெலிம்ஸ்=' என்று வெறுமையாக இட வேண்டும். பேட்ச் கோப்புக்குள் அதன் மாறிக்கு முன் %% என இரண்டு குறிகள் அவசியம்.

வழுவைப் பிடித்தல்

'ஃபோர் /எஃப்' 1ஆம் வழியை மட்டுமே பிடிக்கும். வழுவையும் சேர்க்க, மேற்கோளுக்குள் 2^>^&1 என எழுதுங்கள். ஆனால் உள்ளே இயங்கிய கட்டளையின் எண் வெளியே வராது. அது தனி இயக்கத்தில் ஓடி முடிந்துவிடும்.

மூன்றும் வேண்டுமானால் தற்காலிகக் கோப்புகளே நம்பகமானவை. கட்டளையின் முடிவில் > குறியால் வெளியீட்டை ஒரு கோப்புக்கும், 2> குறியால் வழுவை வேறொரு கோப்புக்கும் அனுப்புங்கள். அடுத்த வரியிலேயே %எரர்லெவல்% எண்ணை வேறு மாறியில் சேமியுங்கள். இடையில் வரும் கட்டளை அதை மாற்றிவிடலாம். பின்னர் 'செட் /பி' மூலம் வழுக் கோப்பின் முதல் வரியை வாசிக்கலாம். கோப்பு வெறுமையாயின் மாறியில் பழைய செய்தியே நிற்கும். முன்கூட்டியே அதை அழித்துவிடுங்கள்.

அடைப்புக்குறிக்குள் எழுதும்போது %எரர்லெவல்% பழைய எண்ணையே காட்டும். அங்கே 'எனேபிள்டிலேய்டுஎக்ஸ்பான்ஷன்' வசதியை இயக்கி, !எரர்லெவல்! என எழுதவேண்டும்.

ரோபோகொப்பியின் எண்கள்

பிரதி எடுக்க நான் பயன்படுத்துவது ரோபோகொப்பி. பொதுவாக 0 தவிர்ந்த எண் தோல்வியைக் குறிக்கும், இதில் அப்படியல்ல. 0 என்றால் புதிதாகப் பிரதி எடுக்க எதுவுமில்லை, 1 என்றால் கோப்புகள் பிரதியாகின. 8 அல்லது அதற்கு மேல் என்றால் தோல்வி. 'இஃப் எரர்லெவல் 8' என்பது 8உம் அதற்கு மேலும் என்றே பொருள்படும். ரோபோகொப்பி தன் வழுக்களையும் 1ஆம் வழியிலேயே எழுதுவதால், 2> கோப்பு வெறுமையாக இருப்பதை வெற்றி என்று எண்ணாதீர்கள். இடையில் தடைப்பட்டால் 30 விநாடிக்கு ஒருமுறை பத்து இலட்சம் தடவை முயலும். /ஆர்:2 /டபிள்யூ:5 என வரையறுங்கள்.

எண் சரியாக இருந்தாலும் ஒலிப்பதிவு கேட்குமா என்பதை அது சொல்லாது. வன்தட்டைக் கழற்றுமுன் ஒரு கோப்பையாவது அதிலிருந்தே திறந்து கேளுங்கள்.