அட்டைத் துளையிலிருந்து கைபேசித் திரை வரை: கண்ணை அளந்த வரலாறு

இந்திய நகரங்களின் கண்ணாடிக் கடைப் பலகைகளில் 'கம்ப்யூட்டர் கண் பரிசோதனை' என்னும் தொடர் பரவலாகக் காணப்படுகிறது. கண்ணின் பவரை எந்திரமே சொல்லிவிடும் என்ற எண்ணத்தை அத்தொடர் விதைக்கிறது. ஆனால், எந்திரம் ஓர் எண்ணைத் தந்த பின்னரும் பரிசோதகர் லென்சுகளை மாற்றி மாற்றி வைத்து, 'இது தெளிவா, அது தெளிவா?' என்று கேட்கவே செய்கிறார். ஒளிவிலகல் பிழையை அளந்த வரலாற்றின் மையச் சிக்கல் இக்கேள்வியில் அடங்கியிருக்கிறது. பார்ப்பவரின் சொல்லை நம்பி அளப்பதா, அச்சொல்லைத் தவிர்த்து அளப்பதா என்பதே அது.

செருமானிய இயேசு சபைத் துறவி கிறிஸ்டோஃப் ஷைனர் 1619இல் கண்ணைப் பற்றி வெளியிட்ட நூலில் ஓர் எளிய சோதனையை விவரித்தார். கண்பாவையின் அகலத்துக்கும் குறைவான இடைவெளியில் ஓர் அட்டையில் இரு துளைகள் இடப்படுகின்றன. அவற்றின் வழியே ஒரு பொருளை நோக்கும்போது, அதன் பிம்பம் விழித்திரையில் சரியாகக் குவிந்தால் பொருள் ஒன்றாகத் தெரியும். குவியாவிடில் இரண்டாகத் தெரியும். மங்கல் என்ற தெளிவற்ற அனுபவத்தை 'ஒன்றா, இரண்டா' என்ற எண்ணிச் சொல்லக்கூடிய விடையாக மாற்றியதே இதன் பெருமை.

இத்தத்துவத்தை ஒரு கருவியாக வளர்த்தவர்களுள் தாமஸ் யங் முதன்மையானவர். அவர் பயன்படுத்திய ஒளிமானியில் ஒற்றைக் கோடு, ஒன்றையொன்று வெட்டும் இரு கோடுகளாகத் தெரியும். அவை வெட்டுமிடம் கண் குவியும் தொலைவைக் காட்டும். தம் கண்ணையே அளந்த யங், செங்குத்துத் தளத்தில் 10 அங்குலமும் கிடைத்தளத்தில் 7 அங்குலமும் பெற்றார். 1801இல் அவர் வெளியிட்ட இவ்விரு அளவுகளும் பார்வைச் சிதறல் குறைபாட்டின் முதல் அளவீடாக அறியப்படுகின்றன.

19ஆம் நூற்றாண்டில் அளவீடு ஆய்வறையை விட்டு மருத்துவமனைக்குச் சென்றபோது, கோட்டின் இடத்தை எழுத்து பிடித்துக்கொண்டது. ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் தம் எழுத்து அட்டையை வெளியிட்டார். அது அளப்பது பார்வைக் கூர்மையை மட்டுமே. எந்த லென்சு வேண்டும் என்பதை அது தனித்து நின்று சொல்லாது. மேலும், எழுத்தறிவை அது முன்நிபந்தனையாக்கியது. எழுத்துகள் யாவும் ஒரே அளவு எளிதாகப் புலப்படுபவையும் அல்ல. தமிழில் 'ட'வும் 'ண'வும் ஒரே உயரத்தில் அச்சிடப்பட்டாலும், கண்ணுக்கு அவை ஒரே சோதனை ஆகா. 1888இல் எட்மண்ட் லாண்டோல்ட் அறிமுகப்படுத்திய இடைவெளியுள்ள வளையம், எழுத்தைச் சாராத குறியீட்டுக்கான தேடலின் விளைவாகும்.

மறுபுறம், நோயாளியின் சொல்லையே தவிர்க்கும் வழியும் வளர்ந்தது. பிரெஞ்சுப் படைமருத்துவர் குயிஞே 1873இல் விவரித்த முறை ரெட்டினோஸ்கோப்பியாக உருப்பெற்றது. கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி, கண்பாவையில் தோன்றும் ஒளியின் அசைவைக் கொண்டு பிழையை அறிவது இதன் வழி. பேச்சறியாக் குழந்தையையும் இதனால் அளக்க முடிந்தது. 1970களில் சந்தைக்கு வந்த தானியங்கிக் கருவிகள் இப்பணியை அகச்சிவப்புக் கதிரிடம் ஒப்படைத்தன. கடைப்பலகையில் உள்ள 'கம்ப்யூட்டர்' இதுவே. அதன் விலையும் எடையும் அதை நகரங்களிலேயே பெரிதும் நிறுத்தின.

2010இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில், நாசிக்கில் பிறந்த ரமேஷ் ரஸ்கரின் குழு 'நேத்ரா' என்ற கருவியை முன்வைத்தது. கண்ணைக் குறிக்கும் வடசொல்லே ஆங்கிலச் சுருக்கப் பெயராகவும் அமைந்தது. ஷாக்–ஹார்ட்மன் உணரி என்னும் மருத்துவக் கருவியில், கண்ணுக்குள் செலுத்தப்பட்ட ஒளி விழித்திரையில் பட்டு மீண்டு, நுண்லென்சு வரிசை வழியே ஒளியுணரியில் விழும். நேத்ரா இப்பாதையைத் தலைகீழாக்கியது. ஒளியுணரியின் இடத்தில் கைபேசித் திரை வந்தது. அதன்மேல் பொருத்திய மலிவான இணைப்பின் வழியே பார்ப்பவருக்கு இரு கோடுகள் தெரியும். அவை ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை அவர் விசையை அழுத்துகிறார். கோடு நகர்ந்த அளவே பிழையின் அளவாகக் கணக்கிடப்படுகிறது. பல கோணங்களில் இதைத் திரும்பச் செய்தால் பார்வைச் சிதறலும் தெரிந்துவிடும். திரையின் படப்புள்ளிகள் நுண்ணியவையாக ஆக ஆக, அளவீடும் நுண்மையாகும்.

ஆக, திரை கொண்டுவந்தது ஷைனரின் துளைகளையும் யங்கின் கோடுகளையுமே. எந்திரத்தின் பக்கம் நிற்கும் என எதிர்பார்க்கப்பட்ட திரை, பார்ப்பவரின் பக்கம் நின்றது. அவரிடம் எழுத்தறிவை அது கேட்கவில்லை. கோடுகள் சேர்ந்தனவா என்ற தீர்ப்பை மட்டுமே கேட்டது.

இதற்கு எல்லைகளும் உண்டு. அருகில் உள்ள பொருளை நோக்கும் உணர்வு எழுந்தால் விழிலென்சு தானே குவிந்துகொள்ளும்; இதை விழி ஏற்பமைவு என்பர். இளையோரிடம் இத்திறன் மிகுதியாதலால், இல்லாத கிட்டப்பார்வை இருப்பதாக அளவில் தோன்றக்கூடும். குழந்தைகளுக்குச் சொட்டு மருந்திட்டு அளப்பது இதனாலேயே. மேலும், பவரை அறிவது கண்ணின் நலத்தை அறிவதாகாது. கண்ணழுத்த நோய் தொடக்கத்தில் அறிகுறியின்றியே பார்வையைத் தின்னும். இரு கோடுகளை ஒன்றாக்கிய கண்ணிலும் அது இருக்கலாம். கணினித் திரைச் சோதனையை மட்டும் கொண்டு கண்ணாடிச் சீட்டு வழங்குவதற்கு எதிராக 2016இல் அமெரிக்காவின் தென் கரோலைனா சட்டம் இயற்றியபோது, அதன் ஆதரவாளர்கள் இவ்வச்சத்தையே முன்வைத்தனர். தொழில்சார் நலன் காக்கும் சட்டம் என்று எதிர்ப்பாளர்கள் அதைச் சாடினர்.

உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு உண்டு என்றும், அவர்களுள் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அவர்களுள் பெரும்பகுதியினருக்கு வேண்டியது ஒரு கண்ணாடி மட்டுமே. அளப்பதற்கான தத்துவம் நானூறு ஆண்டுகளாக இருந்துவருகிறது. இல்லாதிருந்தது அதைக் கேட்பதற்கான கருவியும் ஆளும். கருவி இன்று பலரது சட்டைப்பையில் இருக்கிறது. அது தரும் எண்ணைப் பொருள்கொண்டு, கண்ணின் நலத்தையும் சேர்த்து நோக்கும் ஆளை ஊர்தோறும் நிறுத்துவதே எஞ்சியிருக்கும் பணி.