சேர்ந்ததால் வந்த மிச்சமா, மாறியதால் வந்த மிச்சமா? பிரிட்டனின் கூட்டு எரிசக்திக் கொள்முதல், 2012–2022

பிரிட்டனில் குடும்பங்கள் கூட்டாகச் சேர்ந்து மின்சார, எரிவாயு நிறுவனத்தை மாற்றிக்கொண்ட வரலாற்றை எழுதுகிறவர் எவரும் ஓர் ஆய்வைத் தாண்டிப் போக முடியாது. கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகத்தின் போட்டிக் கொள்கை மையம் அதை 2017-இல் ஆய்வுத்தாளாக வெளியிட்டது. 2021-இல் ‘எனர்ஜி ஜர்னல்’ இதழில் கட்டுரையாகவும் வந்தது. டேவிட் டெல்லர், மோனிகா ஜூலியெட்டி, கிரஹாம் லூம்ஸ், கேத்தரின் வாடம்ஸ் பிரைஸ் முதலியோர் எழுதியது. பணம் மட்டுமே எல்லாம் அல்ல என்பது அதன் தலைப்பின் சாரம். 2012-இல் ‘விச்’ நுகர்வோர் அமைப்பு நடத்திய ‘பிக் ஸ்விட்ச்’ ஏலத்தில் பெயர் கொடுத்தவர்களுக்கு, மாறினால் அவரவருக்கு எவ்வளவு மிச்சம் என்பது கணக்கிட்டுச் சொல்லப்பட்டது. தெரிந்தும் பெரும்பாலோர் மாறவில்லை. ஏன் என்பதே அவர்கள் கேள்வி. தொகை பெருகப் பெருக மாறுவோரும் பெருகினாலும், தொகையைக் கொண்டு மட்டும் விளக்க முடியாத தயக்கம் எஞ்சுகிறது என்பது அவர்கள் கண்ட விடை.

விடையோடு எனக்குப் பிணக்கில்லை. கேள்வி எழுந்த இடத்தோடுதான். கணக்கிட்டுச் சொன்ன தொகையைக் கைக்கு வரப்போகும் காசாகவே இந்த வாசிப்பு கொள்கிறது. நிச்சயமின்மையை அவர்கள் கவனிக்காமல் விட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தயக்கத்தின் காரணத்தைப் பெரிதும் மக்களிடமே தேடுகிறார்கள். தொகையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அந்தத் தொகையோ ஒரு மதிப்பீடு. இப்போதைய கட்டணம் இன்னும் ஓராண்டுக்கு அப்படியே இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. செலவாகும் யூனிட் போன ஆண்டைப் போலவே இருக்கும் என்றும், இந்த ஏலம் நடக்காவிட்டால் இந்தக் குடும்பம் இருந்த இடத்தைவிட்டு அசைந்திருக்காது என்றும் எடுத்துக்கொள்கிறது. முதல் இரண்டைப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவதை ஒப்புக்கொள்வது கடினம். மலிவாக மின்சாரம் வேண்டும் என்று தாமே முன்வந்து பெயர் பதிந்தவர்கள், சும்மா இருக்கிறவர்களின் மாதிரியாக எப்படி நிற்க முடியும்?

பின்னணி தெரிந்ததே. வீட்டு எரிவாயுவிலும் மின்சாரத்திலும் சில்லறைப் போட்டி 1999-க்குள் முழுதாகத் திறந்துவிடப்பட்டது. கம்பியும் குழாயும் பழையவையே. பில் அனுப்பும் நிறுவனம்தான் மாறும். எதையும் தேர்ந்தெடுக்காதவர் அந்நிறுவனத்தின் இயல்புக் கட்டணத்தில் கிடப்பார். ஆறு பெரிய நிறுவனங்களின் வீட்டு வாடிக்கையாளரில் சுமார் 70 விழுக்காட்டினர் அப்படிக் கிடந்தனர் என்று போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2016-இல் கணித்தது. ஆட்களைத் திரட்டி, அவர்களுக்காக நிறுவனங்களை விலை குறைத்துக் கேட்கவைக்கும் ஏலம் இந்த மந்தத்துக்கு மருந்தாகக் கொண்டுவரப்பட்டது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் இது முன்பே பழக்கத்தில் இருந்தது. 2012–13-இல் பிரிட்டிஷ் அரசே இதற்கென 50 லட்சம் பவுண்டு ஒதுக்கி, உள்ளாட்சிகளும் பிறரும் நடத்திய திட்டங்களுக்குக் கொடுத்தது.

இனி 2012-இன் ஒரே ஓர் எண். பிக் ஸ்விட்ச்சில் மாறிய குடும்பங்களின் சராசரி ஆண்டு மிச்சம் 223 பவுண்டு. இந்த எண்தான் பின்னாளில் எங்கும் மேற்கோளானது. பதிந்தவர்கள் ஏறத்தாழ 2,87,000 பேர். மாறியவர்கள் ஏறத்தாழ 37,000 பேர். அதாவது 223 என்பது எட்டில் ஒருவரின் சராசரி. அதிகம் மிச்சமாகிறவர்களே அதிகம் மாறுவார்கள் என்பதால் (டெல்லர் குழுவின் கண்டுபிடிப்பே இதற்குச் சான்று) இந்தச் சராசரி மேல்நோக்கிச் சாய்ந்தது. மாறியவர்களின் மொத்த மிச்சம் சுமார் 82.5 லட்சம் பவுண்டு. அதைப் பதிந்தவர் அனைவருக்கும் பகிர்ந்தால் தலைக்கு 29 பவுண்டுகூட முழுதாக வராது. கூட்டத்தின் பலத்தைப் பறைசாற்றிய திட்டத்துக்கு, கூட்டம் முழுவதையும் வகுக்கும் எண்ணாகக் கொள்வதுதானே முறை?

எதிர்ப்பக்கம் ஒன்றும் உண்டு, மறைப்பது நேர்மையாகாது. அதே ஆண்டு அக்டோபரில் எஸ்.எஸ்.இ. நிறுவனம் சராசரியாக 9 விழுக்காடும், நவம்பரில் பிரிட்டிஷ் கேஸ் 6 விழுக்காடும் விலையேற்றின. கட்டணத்தை அதற்குமுன் நிலையாகப் பிடித்துக்கொண்ட குடும்பத்துக்கு உண்மையான மிச்சம் மதிப்பீட்டைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும். ஆக 223 சிலருக்கு மிகை, சிலருக்குக் குறை. எது எத்தனை பேருக்கு என்பதை அந்தச் சராசரியைப் பிரித்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

2012-இல் இல்லாத ஒன்று 2018-இல் கிடைத்தது: ஒப்பீட்டுக் குழு. ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்ஜெம், ஒரு பெரிய நிறுவனத்தின் இயல்புக் கட்டணத்தில் மூன்று ஆண்டுக்கு மேலாக இருந்த ஏறத்தாழ 50,000 வாடிக்கையாளரிடம் கூட்டுக் கொள்முதலைச் சோதித்துப் பார்த்தது. சோதனையின் நுட்பம் அதன் எளிமையில் இருந்தது. வீட்டுக்குக் கடிதம் வரும். பேரம் முன்கூட்டியே முடிந்திருக்கும். கட்டண விவரமும் யூனிட் கணக்கும் சேவையை நடத்திய ‘எனர்ஜிஹெல்ப்லைன்’ கையில் இருந்ததால், பழைய பில்லைத் தேடி எடுத்து எதையும் நிரப்ப வேண்டியதில்லை. தொலைபேசியில் பேசியும் முடிக்கலாம். கடிதம் பெற்றவர்களில் 22.4 விழுக்காட்டினர் மாறினர்; பெறாத ஒப்பீட்டுக் குழுவில் 2.6 விழுக்காட்டினர். மாறியவர்களின் சராசரி மிச்சம் சுமார் 300 பவுண்டு.

இதுவரை கிடைத்த சான்றுகளில் இதுவே வலுவானது. சும்மா விட்டிருந்தால் இவர்களில் மிகச் சிலரே அசைந்திருப்பார்கள் என்பதை ஐயமின்றி நிறுவுகிறது. மூன்றாவது அனுமானத்தின்மீது மேலே நான் எழுப்பிய ஆட்சேபம் இங்கே பெருமளவு அடிபட்டுப் போகிறது. ஆனால் இச்சோதனை எதை நிறுவியது என்பதை நிதானித்துப் பார்க்க வேண்டும். 22.4-இல் ஏலக் கட்டணத்தை எடுத்தவர்கள் மட்டும் இல்லை. கடிதம் உலுப்பிவிட்டதால் தாமே வேறு திட்டம் தேடிப் போனவர்களும் உண்டு. கடிதத்தின் வேலையும் பேரத்தின் வேலையும் ஒரே எண்ணில் கலந்து கிடக்கின்றன. இயல்புக் கட்டணத்துக்கும் சந்தையின் மலிவான கட்டணங்களுக்கும் 300 பவுண்டுக்குக் குறையாத இடைவெளி இருப்பதாகப் போட்டி ஆணையம் 2016-லேயே சொல்லிவிட்டது. கூட்டாகச் சேராமல் தனியே மாறியவரும் ஏறக்குறைய அதே தொகையைப் பெற்றிருக்கலாம்.

அப்படியானால் கூட்டத்துக்கென்று தனித் தள்ளுபடி இருந்ததா? சான்று மெலிந்த இடம் இது. அதனாலேயே அழுத்திச் சொல்கிறேன்: பெரிதாக இருந்திருக்க வழியில்லை. மின்சாரத்தின் மொத்தவிலை, கம்பித்தொடருக்கான கட்டணம், அரசுத் திட்டங்களுக்கான வசூல், 5 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி எதுவும் 30,000 வீடுகள் ஒன்றாக வந்ததற்காகக் குறையாது. குறையக்கூடியது வாடிக்கையாளரைப் பிடிக்கும் செலவு ஒன்றுதான். அதிலும் ஒரு பங்கு ஏலம் நடத்துகிறவருக்குத் தரகாகப் போய்விடுகிறது. 2013 இறுதியில் ஆஃப்ஜெம், ஒரு நிறுவனம் ஒரு எரிபொருளுக்கு நான்கு கட்டணத் திட்டங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று விதித்தபோது, கூட்டுக் கொள்முதலுக்கு விலக்கு அளித்தது. இந்த விலக்கை ஆய்வாளர்கள் அடிக்குறிப்பாகவே கடந்து போகிறார்கள். எனக்கு அது மையமாகப் படுகிறது. ஏனையோருக்குத் தனிச்சலுகை தர நிறுவனத்துக்குத் தடை. கூட்டத்துக்கு மட்டும் தரலாம். அந்த ஆண்டுகளில் ஏலக் கட்டணம் சந்தையின் மலிவான கட்டணத்தைவிடக் குறைந்து நின்றிருந்தால், அதில் எவ்வளவு கூட்டத்தின் பேரபலம், எவ்வளவு விதியின் கொடை? தடை நீங்கிய பின்வந்த ஏலங்களோடு வரிசையாக ஒப்பிட்டால் ஒருவேளை பிடிபடலாம். ஆனால் அதற்குள் சந்தையே வேறாகிவிட்டது.

இரண்டாம் ஆண்டு என்றொன்றும் இருக்கிறது. ஏலத்தில் வெல்கிற நிறுவனம் முதலாண்டில் லாபம் பார்ப்பதில்லை. காலம் முடிந்ததும் பலர் அதன் இயல்புக் கட்டணத்தில் விழுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் அடிமட்டத்துக்கு இறங்கிக் கேட்கிறது. ஆண்டு மிச்சம் என்று எழுதப்படுவது உண்மையில் ஓராண்டு மிச்சம். மாறத் தயங்கிய குடும்பம் இதை மங்கலாகவேனும் உணர்ந்திருந்தால், அதை மனத்தின் கோணலாகப் பார்க்க வேண்டியதில்லை.

கடலுக்கு அப்பாலிருந்து ஓர் ஒப்பீடு இதைத் தெளிவாக்கும். 2012 நவம்பரில் சிகாகோ வாக்காளர்கள், நகராட்சியே குடும்பங்களுக்காக மின்சாரம் வாங்கலாம் என்று ஒப்புதல் அளித்தனர். யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, வேண்டாதவர் விலகலாம். உள்ளூர் நிறுவனமான காம்எட் பழைய ஒப்பந்தங்களின் உயர்ந்த விலையில் சிக்கியிருந்தவரை நகரத்துக்கு ஆதாயம். 2013 கோடையில் அந்த ஒப்பந்தங்கள் காலாவதியாகிக் காம்எட் விலை இறங்கியதும் இடைவெளி சுருங்கியது. 2015-இல் குடும்பங்கள் காம்எட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. லட்சக்கணக்கான வீடுகள், ஒரே பேரம், அதே கூட்டம். மிச்சத்தைத் தீர்மானித்தது காம்எட்டின் விலைதான்.

பிரிட்டனிலும் கதை அப்படியே முடிந்தது. எப்போது முடிந்தது என்பதில்தான் குழப்பம். 2018 சட்டத்தின்படி 2019 ஜனவரி 1 முதல் இயல்புக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வந்தது. சராசரிப் பயன்பாட்டு வீட்டுக்கு ஆண்டுக்கு 1,137 பவுண்டு. கூட்டுக் கொள்முதலின் காலம் அன்றோடு முடிந்தது என்று கொள்வோர் உண்டு. வரம்புக்குக் கீழே மலிவான திட்டங்கள் 2020-இலும் கிடைத்தன என்பதால் நான் அதை ஏற்கத் தயங்குகிறேன். எரிவாயு விலை பாய்ந்த 2021 இலையுதிர்காலமே பொருத்தமான எல்லை. அப்போது வரம்புதான் சந்தையின் மலிவான விலையாயிற்று. ஏலம் கேட்க ஆளில்லை. ஏறத்தாழ 30 நிறுவனங்கள் சரிந்தன. பல்ப் நிறுவனம் தவிர்த்த மற்றவற்றின் சரிவால் வந்த செலவு 270 கோடி பவுண்டு, வீட்டுக்குச் சுமார் 94 பவுண்டு என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2022-இல் மதிப்பிட்டது. மாறியவர், மாறாதவர் இருவர் பில்லிலும் அது ஏறியது.

இந்த 94-ஐ மேலே கண்ட 29-க்கு எதிரே வைக்கத் தோன்றுகிறது. முழு நியாயமில்லை: சரிவுக்கு முதற்காரணம் எரிவாயு விலையும், அதற்கு முன்னேற்பாடு செய்யாத நிறுவனங்களும்; கூட்டு ஏலங்கள் அந்தச் சந்தையில் ஒரு மூலைதான். என்றாலும் அடிமட்ட விலைக்குக் கேட்டவர்கள் அந்த விலையை எதைக்கொண்டு தாங்கினார்கள் என்ற கேள்வி ஏலங்களின் மிச்சக் கணக்கில் இடம்பெறவில்லை. டெல்லர் குழு 2012-இல் தேடிய தயக்கத்தின் ஒரு பகுதிக்கு விளக்கம் இந்தக் கேள்வியில் இருக்கலாம் என்பது என் ஊகம். எந்த அளவுக்கு என்பதை அன்றைய ஏலத்தில் மாறியவர்களின் 2013, 2014 பில்களை வைத்தே சொல்ல முடியும்.