திருமுழுக்கு மறுப்பு

கைக்குழந்தையாகப் பெற்ற ஞானஸ்நானம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று, மதத்தை விட்டு விலகியவர் பின்னாளில் அறிவிப்பது. கத்தோலிக்கத் திருச்சபை இதை ஏற்பதில்லை. தண்ணீரும் உரிய சொற்களும் கொடுப்பவரின் கருத்தும் சரியாக இருந்தால் திருமுழுக்கு செல்லும். குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. திருமுழுக்கு ஆன்மாவில் பதிக்கும் முத்திரை அழியாதது என்பதால் மறுபடி கொடுப்பதும் இல்லை, திரும்பப் பெறுவதும் இல்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் முறையான விலகலுக்குத் திருமண விதிகளில் மட்டும் இடம் தந்தது. 2009இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அதையும் நீக்கினார்.

ஆகவே வழக்குகள் திருமுழுக்குப் பதிவேட்டைச் சுற்றியே நடக்கின்றன. பிரான்சின் நார்மாண்டியில் 1940இல் திருமுழுக்குப் பெற்ற ஒருவர் 2001இல் விலகல் கடிதம் எழுதினார். பதிவேட்டில் அவர் பெயருக்கு அருகே, திருமுழுக்கை மறுத்துவிட்டார் என்று கடிதத்தின் தேதியோடு (2001 மே 31) ஓரத்தில் குறித்தார்கள். அது போதாமல் பெயரையே நீக்கக் கோரினார். கூட்டான்ஸ் நீதிமன்றம் 2011இல் அவர் பக்கம் நின்றது, மேல்முறையீட்டில் தோற்றார், 2014இல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. நடந்த சடங்கு நடந்ததுதான் என்பதோடு நிறுத்திக்கொண்டு, விசுவாசத்துக்குள் அந்த நீதிமன்றம் நுழையவில்லை, விவேகமான ஒதுக்கம்தான். 2024 பிப்ரவரியில் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றமும் ஓரக்குறிப்பே போதும் என்று தீர்ப்பளித்தது.