சிட்னி – இலண்டன் வான்வழி

சிட்னி – இலண்டன் வான்வழி என்பது ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரையும் இங்கிலாந்தின் தலைநகரான இலண்டனையும் இணைக்கும் நெடுந்தொலைவு வான்பயணப் பாதை ஆகும். இது கங்காரு வழி எனவும் அழைக்கப்படுகிறது. இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட மிகக்குறைந்த வான்தொலைவு ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். வழியில் ஒருமுறை தரையிறங்கிச் செல்லும் பயணத்துக்கு 23 மணிநேரம் அளவில் தேவைப்படுகிறது.

தொலைவும் நேரமும்

தட்டையான உலகப்படத்தில் கோடு வரைந்தால் இப்பாதை இந்தியப் பெருங்கடல் வழியே செல்வதுபோல் தோன்றும். புவி கோள வடிவானது என்பதால் உண்மையான குறுகிய வழி வடக்கே வளைந்து சீனா, உருசியா ஆகியவற்றின் மேலாகச் செல்கிறது. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் நில்லாமல் பறந்தால் சுமார் 19 மணிநேரம் ஆகும். மேற்கிலிருந்து வீசும் உயர்வளிமண்டலக் காற்று இலண்டனிலிருந்து கிழக்கே செல்வோருக்குத் துணையாகவும், திரும்புவோருக்கு எதிராகவும் அமைகிறது. ஆகவே ஒரே தொலைவுக்கு இருவேறு பயண நேரங்கள் உண்டு.

வரலாறு

1919 நவம்பர் 12 இல் ராஸ் சிமித், கீத் சிமித் சகோதரர்களும் இரு பொறிவினைஞர்களும் விக்கர்சு விமி வானூர்தியில் இலண்டனை அடுத்த ஹவுன்சுலோவிலிருந்து புறப்பட்டு, டிசம்பர் 10 இல் டார்வினை அடைந்தனர். 30 நாட்களுக்குள் வருவோருக்கு ஆஸ்திரேலிய அரசு அறிவித்திருந்த 10,000 பவுண் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. சிட்னிக்கு அவர்கள் வந்து சேர்ந்தது 1920 பெப்ரவரியில்தான்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்ததும் இவ்வழி துண்டிக்கப்பட்டது. அதற்கு மாற்றாக அமைந்தது இலங்கை. 1943 இலிருந்து குவாண்டாசு நிறுவனத்தின் கட்டலினா பறக்கும் படகுகள் பேர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து எழுந்து, காலிக்கு அருகிலுள்ள கொக்கலை நீரேரியில் இறங்கின. இடையே 5,600 கி.மீ. அளவுக்குக் கடல் மட்டுமே. எதிரிக்கு இருப்பிடம் தெரியாதிருக்க வானொலி அமைதி பேணப்பட்டது. மாலுமிகள் விண்மீன்களைப் பார்த்தே திசையறிந்தனர். படகுகளுக்கும் அல்டேர், வேகா, ரைகல் போன்ற விண்மீன்களின் பெயர்களே. எரிபொருளே பெரும் சுமையாக இருந்ததால் ஒரு பறப்பில் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற இயலவில்லை. மிக நீண்ட பறப்பு 32 மணி 9 நிமிடம் நீடித்தது. ஒரே பயணத்தில் சூரியன் இருமுறை உதிப்பதைக் காண நேர்ந்ததால் இச்சேவை "இரட்டைச் சூரியோதயம்" எனப் பெயர்பெற்றது. 1945 வரை 271 முறை பெருங்கடல் கடக்கப்பட்டது. இன்றைய நெடும்பறப்புகளுடன் ஒப்பிட்டாலும் இது வியக்கத்தக்க சாதனையே.

போருக்குப் பின், 1947 டிசம்பர் 1 இல் லாக்கீடு கான்சுடலேசன் வானூர்தி 29 பயணிகளுடன் சிட்னியிலிருந்து கிளம்பியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி ஆகிய இடங்களில் தரையிறங்கி நான்கு நாட்களில் அது இலண்டனை அடைந்தது. பின்னர் வந்த தாரை வானூர்திகள் இதனை ஒரு நாள் அளவுக்குக் குறைத்தன.

நில்லாப் பறப்புகள்

1989 ஆகத்தில் புதிய போயிங் 747-400 ஒன்று, கட்டணப் பயணிகள் இன்றி, இலண்டனிலிருந்து சிட்னிக்கு 20 மணி 9 நிமிடத்தில் நில்லாமல் பறந்தது. 2018 மார்ச்சில் பேர்த் – இலண்டன் நேரடிச் சேவை (14,498 கி.மீ.) தொடங்கியது. 2019 நவம்பரில் போயிங் 787-9 ஒன்று சுமார் 50 பேருடன் இலண்டன் – சிட்னி தொலைவை 19 மணி 19 நிமிடத்தில் கடந்தது. உறக்கம், உணவு, உடற்சோர்வு பற்றிய ஆய்வுக்காகவே அப்பறப்பு நடத்தப்பட்டது. வழக்கமான நேரடிச் சேவைக்காக 12 ஏர்பஸ் ஏ350-1000 வானூர்திகளை வாங்கவுள்ளதாகக் குவாண்டாசு 2022 இல் அறிவித்தது. கொக்கலைப் பறப்புகளின் நினைவாக அத்திட்டத்துக்குச் "சூரியோதயத் திட்டம்" எனப் பெயரிடப்பட்டுள்ளது.