முதுமைத் தசை நலிவும் அல்ட்ராசவுண்டு ஸ்கேனும்

வயது ஏற ஏறத் தசையின் பருமனும் தன்மையும் மாறுவதை ஒலியலைகளால் படமெடுத்து அளக்கும் முறை. ஸ்கேன் என்றாலே வயிற்றுப் பிள்ளைதான் நினைவுக்கு வருகிறது. அதே கருவி தாத்தாவின் தொடையையும் பார்க்கும்.

முதுமையில் சதை வற்றுவதை 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவதே வழக்கம். அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க் 1980-களின் இறுதியில் அதற்குச் 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். தசையை ஒலியலையால் அளப்பது அதற்கும் முந்தியது. ஜப்பானில் இக்காயும் ஃபுகுனாகாவும் 1968-லேயே மேற்கைத் தசையின் குறுக்குப் பரப்பை இப்படி அளந்து, அதன் வலுவோடு ஒப்பிட்டார்கள்.

ஆளைப் படுக்கவைத்து, இடுப்பெலும்புக்கும் முழங்கால் சில்லுக்கும் நடுவே ஜெல்லைத் தாராளமாகத் தடவி, கருவியின் முனையைப் பட்டும்படாமல் வைக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் தசை நசுங்கி, உள்ளதைவிட மெலிந்ததாகக் காட்டும். அளப்பவருக்கு அளப்பவர் கணக்கு மாறுவதற்கு இந்தக் கை அழுத்தமும் ஒரு முக்கிய காரணம். திரையில் நல்ல தசை கறுப்பாக, இடையிடையே மெல்லிய வெள்ளைக் கோடுகளோடு தெரியும். கொழுப்பும் நாரும் ஊடுருவிய தசை மொத்தமாக வெளுத்துக் கிடக்கும். இன்ச் டேப் இதைச் சொல்லாது: தொடையின் சுற்றளவு அப்படியே இருக்க, உள்ளே தசை குறைந்து கொழுப்பு சேர்ந்திருக்கலாம். அளவைவிட வலு வேகமாகக் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். தசையிழைகள் சாய்ந்திருக்கும் கோணமும் வயதோடு சிறுக்கிறது.

பின்தொடையைவிட முன்தொடை முந்தி மெலிகிறது. தரையில் உட்கார்ந்தவர் முழங்காலில் கை ஊன்றி எழுவது அப்போதுதான் தொடங்கும். அருப்புக்கோட்டை வட்டாரத்தில் ஆயுளெல்லாம் குழித்தறி மிதித்த காலுக்கும் இதில் விலக்கில்லை.

கையடக்கக் கருவியோடு அதே வட்டாரத்துப் பாளையம்பட்டியில் தெருத்தெருவாகப் போய்ப் பெரியவர்களை அளந்துவிடலாமே என்று தோன்றும். இந்தியாவில் அது எளிதல்ல. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்கேன் கருவியைப் பதிவு செய்ய வேண்டும். பதிவான இடத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கடும் கட்டுப்பாடு உண்டு. பெண் கருவைக் காக்க வந்த விதி என்பதால் குறை சொல்வதற்கில்லை. முதியவரைத்தான் ஸ்கேன் மையத்துக்கு அழைத்து வர வேண்டும்.

சார்கோபீனியாவுக்கான ஆசிய நிபுணர் குழுவின் 2019 வழிகாட்டுதல், தசையளவை உறுதிசெய்ய டெக்சா என்ற எக்ஸ்ரே ஸ்கேனையும் உடல் மின்தடை அளவியையும்தான் பரிந்துரைக்கிறது; அல்ட்ராசவுண்டு அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையும் அந்த வழிகாட்டுதலில் உண்டு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.