கடைமடைச் சிற்றூரும் குடியிருப்பு மனையும்: கீழத்தஞ்சை வேளாண் வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

தஞ்சையை நெற்களஞ்சியம் எனப் போற்றியுரைப்பது நம்மிடையே நெடுநாள் வழக்கு. அக்களஞ்சியத்தின் கடலோர விளிம்பில், காவிரியின் கிளையாறுகள் ஓய்ந்து அடங்கும் கீழ்வேளூர், நாகப்பட்டினம் வட்டாரச் சிற்றூர்கள் எங்ஙனம் வாழ்ந்தன என்பதை ஈண்டு நோக்குவோம்.

இவை கடைமடை ஊர்கள். 1934இல் மேட்டூர் அணை எழுந்த பின்னரும், திறந்த நீர் கல்லணையைக் கடந்து வெண்ணாற்றின் வழி இங்கு வந்து சேர நாளாகும். ஆதலின் குறுவையும் தாளடியும் என இருபோகம் காணும் பேறு பெரும்பாலும் மேற்கத்திய ஊர்களுக்கே வாய்த்தது. கடைமடை சம்பாவையே மிகுதியும் நம்பியது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ நிலைமை தலைகீழாகும். மேட்டு நீரெல்லாம் இங்கு வந்து தேங்கும். கடல் ஏற்றத்தின்போது வடிகால்கள் நீரை வாங்கா. நடவுக்கு நீரின்றி வாடிய வயலே கதிர்விடும் முன் நீரில் மூழ்குவதும் உண்டு.

இவ்விழப்பு எல்லார்க்கும் ஒன்றுபோல் அமையவில்லை. நிலம் மிராசுதாருடையது. குத்தகைக்கும் வாரத்திற்கும் உழுதோர் ஒருபால், பண்ணையாட்கள் மற்றொருபால். சேரிகளில் வாழ்ந்த இப்பண்ணையாட்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். திருமணத்திற்கும் சாவிற்கும் வாங்கிய கடன் கூலியில் தீராது அடுத்த தலைமுறைக்கும் சென்றது. அடிமை முறைக்குச் சட்டம் அளித்த ஏற்பு 1843இலேயே நீங்கியது. எனினும் கட்டு அவிழவில்லை. கடனே அதன் காரணம் என்பர். அதனினும் வலியது குடியிருப்பு மனை என்பது நம் கருத்து. குடிசை நின்ற மண்ணும் பண்ணைக்கே உரியதாகலின், வேலையை விட்டவன் வீட்டையும் இழந்தான்.

1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பொறுப்பைத் தவிர்க்க விரும்பிய நிலவுடைமையாளர் பலர், பண்ணையாட்களை அன்றாடக் கூலிகளாக மாற்றினர். 1968 திசம்பர் 25 அன்று, கூலி உயர்வுப் பூசலின் முடிவில், கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து மாண்டனர்; அவர்களுள் பெரும்பாலோர் பெண்டிரும் சிறாருமாவர். 1969இல் நியாயக் கூலிச் சட்டமும், 1971இல் மனையை அதில் குடியிருந்தோர்க்கே உரிமையாக்கும் சட்டமும் பிறந்தன.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோருள் பலர் இத்தகைய ஊர்களினின்று வந்தோரே. பஞ்சமும் கங்காணியின் ஆசைமொழியும் அவர்களை ஈர்த்தன என்று எழுதுகிறோம். விட்டுவந்த மனை யாருடையது என்று வினவுவதில்லை. இங்கு அவர்கள் குடிபுகுந்த தோட்டத்து லயமும் முதலாளிக்கே உரியதாயிருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களாக மாறியும் போன காலத்து, பால்மரம் வெட்டியோர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். 1971இன் மனைச் சட்டம் கடல் கடந்து வரவில்லை.