ஃபூக்ஸ் சக்கரமும் அதன் டயர்களும்: போர்ஷே 911-இன் ஒரு கிளை வரலாறு

1966-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்த போர்ஷே 911 எஸ் கார், ஜெர்மனியின் மைனர்ட்ஸ்ஹாகன் நகரிலுள்ள ஓட்டோ ஃபூக்ஸ் ஆலை செய்து கொடுத்த ஐந்து ஆரச் சக்கரங்களுடன் சந்தைக்கு வந்தது. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி வார்க்காமல், அலுமினியக் கலவைக் கட்டியைச் சூடாக்கிப் பேரழுத்தத்தில் அடித்து உருவாக்கிய இந்தச் சக்கரம், இரும்புத் தகட்டுச் சக்கரத்தைவிட எடையில் குறைந்தும் வலுவில் மிகுந்தும் இருந்ததால், மேடுபள்ளங்களில் டயர் தரையை விட்டு எழும்பாமல் ஓட அது பெரிதும் துணைசெய்தது. ஹைன்ரிச் கிளீ வரைந்த அதன் முகத்தோற்றம் 1980-களின் இறுதிவரை ஏறக்குறைய அப்படியே நீடித்தது. அதன்மேல் ஏறிய டயரோ அதே காலத்துக்குள் பலமுறை அளவு மாறிவிட்டது. பழைய 911 ஒன்றின் அசல் சக்கரத்துக்கு இன்று மாற்று டயர் தேடுவோர் எதிர்கொள்ளும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த முரணில் பிறந்தவையே.

முதல் ஃபூக்ஸ் சக்கரம் 15 அங்குல விட்டமும் 4.5 அங்குல அகலமும் கொண்டது. அதற்குரிய டயரின் அளவு 165 எச்ஆர் 15. இக்குறியீட்டில் 165 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலத்தையும், எச் என்பது அது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம்வரை தாங்கும் என்பதையும், ஆர் என்பது அது ரேடியல் வகை என்பதையும், 15 என்பது அது ஏறி அமரும் ரிம்மின் விட்டத்தையும் குறிக்கும். ரேடியல் டயருக்கு மிஷ்லின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை கோரி 1949-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய டயர்களில் உள்ளிழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் சென்றதால், பக்கச்சுவர் வளையும்போது தரையைத் தொடும் பரப்பும் சேர்ந்து கோணியது; ரேடியலில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்ல, தரைதொடும் பகுதியை மட்டும் எஃகுப் பட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டதால், பக்கச்சுவர் தன்பாட்டுக்கு வளைந்தாலும் அடிப்பரப்பு தரையில் தட்டையாகப் படிந்து நின்றது. 165-க்குப் பின் இரண்டாவது எண் எதுவும் இல்லாததற்குக் காரணம் எளியது: அன்றைய ரேடியல்கள் எல்லாவற்றுக்கும் பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடாகவே இருந்தது, அதைத் தனியே சொல்லவேண்டிய தேவை எழவில்லை.

அந்தத் தேவையை உண்டாக்கியதில் 911 போன்ற வேகக் கார்களுக்குக் கணிசமான பங்குண்டு. எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் தொங்கிய அந்தக் காரில் எடையின் பெரும்பகுதி பின்சக்கரங்களின் மேல் விழுந்தது. வளைவில் ஓட்டுநர் திடீரென்று வேகத்தைக் குறைத்தால் வண்டியின் பின்புறம் வெளிப்பக்கமாக வீசிச் செல்லும் குணம் அதற்கு இருந்தது. முன்பம்பருக்குள் தலா 11 கிலோ எடைக்கட்டிகளை ஒளித்துவைத்தும், 1969-ஆம் ஆண்டு மாதிரியில் அச்சுகளுக்கிடையேயான தூரத்தை 57 மில்லிமீட்டர் நீட்டியும் போர்ஷே அந்தக் குணத்தை அடக்க முயன்றது. அதே வேளையில் டயரும் அகலமானது. 911 எஸ் காரின் ரிம் 6 அங்குலமாக விரிந்தபோது அதன்மேல் 185/70 விஆர் 15 ஏறியது. பக்கச்சுவர் அகலத்தில் 70 விழுக்காடு என்று சொல்லும் இரண்டாவது எண்ணும், 210 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தைக் குறித்த வி என்ற எழுத்தும் இவ்வாறு இடம்பெற்றன. 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் காட்டப்பட்ட கரேரா ஆர்எஸ் 2.7 மேலும் ஒரு படி சென்று, முன்னால் 6 அங்குல ரிம்மில் 185/70 டயரையும், பின்னால் 7 அங்குல ரிம்மில் 215/60 டயரையும் ஏற்றுக்கொண்டது.

இங்கே கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது. 15 அங்குலம் என்பது 381 மில்லிமீட்டர். அதனுடன் மேலும் கீழும் உள்ள இரு பக்கச்சுவர்களின் உயரத்தைக் கூட்டினால் டயரின் முழு விட்டம் கிடைக்கும். பழைய 165 டயருக்கு அது ஏறத்தாழ 645 மில்லிமீட்டர், 185/70-க்கு 640, 215/60-க்கு 639. அகலம் 50 மில்லிமீட்டர் கூடியபோதும் விட்டம் 6 மில்லிமீட்டருக்கு மேல் மாறவில்லை. விட்டம் மாறினால் கியர் விகிதம், வேகமானியின் அளவு, வண்டி நிற்கும் உயரம் ஆகிய மூன்றும் சேர்ந்து மாறும் என்பதால், பொறியாளர்கள் அகலத்தைக் கூட்டிய ஒவ்வொரு முறையும் உயர விகிதத்தைக் குறைத்து விட்டத்தைக் காத்துவந்தனர். மாற்று டயர் தேடுபவருக்கு இந்த வரலாறு தரும் முதல் அளவுகோல் இதுவே. டயரின் பக்கத்தில் எந்த நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கிறது என்பது இதற்கு அடுத்த கேள்வி.

அந்த ஒழுங்கு ஒருமுறை குலைந்தது. லான்சியா ஸ்ட்ராடோஸ் பந்தயக் காரை மனத்தில் வைத்து பிரெல்லி நிறுவனம் உருவாக்கிய பி7 டயரில், எஃகுப் பட்டையின் மேல் நைலான் இழைகள் சுற்றுத்திசையிலேயே சுற்றப்பட்டிருந்ததால், மிகுந்த வேகத்திலும் அது உப்பாமல் தன் வடிவத்தில் நின்றது; பக்கச்சுவரை அகலத்தில் பாதியாகக் குறைக்கவும் முடிந்தது. 185/70, 215/60 அளவுகளுடன் வந்த 911 டர்போ, 1976 வாக்கில் 15 அங்குலச் சக்கரத்திலேயே முன்னால் 205/50, பின்னால் 225/50 என்ற பி7 டயர்களைப் பெற்றது. அதே கணக்கைப் போட்டால் முன்டயரின் விட்டம் 586 மில்லிமீட்டராகவும் பின்டயரின் விட்டம் 606 மில்லிமீட்டராகவும் சுருங்குகின்றன. அதாவது கார் முன்பக்கம் 27 மில்லிமீட்டரும் பின்பக்கம் ஏறக்குறைய 16 மில்லிமீட்டரும் தாழ்ந்தது. பிடிப்பு கூடிய மகிழ்ச்சியில் இதை அன்று பலரும் குறையாகக் கருதவில்லை. எனினும் 1978-ஆம் ஆண்டு மாதிரியாக வந்த 3.3 லிட்டர் டர்போவில் 16 அங்குல ஃபூக்ஸ் சக்கரம் இடம்பெற்றது. முன்னால் 205/55, பின்னால் 225/50 டயர்களுடன் விட்டம் மீண்டும் 632, 631 மில்லிமீட்டருக்குத் திரும்பியது. ஆகவே 911 டர்போவின் ‘அசல் டயர்’ எது என்று கேட்டால், மூன்று நான்கு ஆண்டு இடைவெளிக்குள் மூன்று விடைகள் இருக்கின்றன.

பின்னர் சக்கரங்கள் 17, 18 அங்குலமாக வளர, 15 அங்குல ரிம்முக்கான அதிவேக டயர்கள் மெல்லமெல்லச் சந்தையிலிருந்து மறைந்தன. டயரின் ஒவ்வோர் அளவுக்கும் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனி அச்சு தேவை. பச்சை ரப்பர் அந்த அச்சுக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்த பிறகே டயராகிறது. ஆண்டுக்குச் சில நூறு டயர் மட்டுமே விற்கும் ஓர் அளவுக்காக அச்சையும் இயந்திர நேரத்தையும் ஒதுக்கப் பெரிய ஆலைகள் முன்வரவில்லை. இந்த வறட்சியில் பல உரிமையாளர்கள் குடும்பக் கார்களுக்கான 195/65 ஆர் 15 டயரிடம் அடைக்கலம் புகுந்தனர். அதன் விட்டம் 634 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் கணக்கு ஏறத்தாழப் பொருந்துகிறது, விலையும் குறைவு. ஆனால் முன்னால் எஞ்சின் உள்ள சாதுவான கார்களின் சொகுசையும் எரிபொருள் சிக்கனத்தையும் கருதி உருவான அந்த டயர், 911-இன் பின்னச்சில் விழும் பாரத்தை ஓர் இரவல் சட்டை போலத்தான் சுமந்தது. பழமை விரும்பிகள் இதை இகழ்ந்தாலும், ஓடாத அசல் டயரைவிட ஓடுகிற குடும்ப டயர் மேல் என்ற வாதத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது.

பழைய கார்களின் மதிப்பு ஏறிய பிறகு நிலைமை திரும்பியது. பிரெல்லி தன் சிஎன்36, பி7 முதலிய பழைய வடிவங்களை மறுபடி செய்யத் தொடங்கியது. தான் சோதித்து ஏற்ற டயர்களின் பக்கச்சுவரில் என் என்ற எழுத்தையும் ஓர் எண்ணையும் பொறிக்கச் செய்யும் போர்ஷே, அந்த ஏற்பைத் தன் பழைய மாதிரிகளுக்கும் விரித்தது. இந்த மறுபதிப்புகளில் வெளித்தோற்றமும் பள்ளங்களின் கோலமும் பழையவை. ரப்பர்க் கலவை இக்காலத்தது. பழைய வடிவத்தின் பயன் அழகோடு முடிவதில்லை. உயரமான, வளைந்துகொடுக்கும் பக்கச்சுவரை நம்பியே அக்காலத் தொங்கமைப்பு கணக்கிடப்பட்டதால், அத்தகைய டயர் பிடி நழுவும் முன் ஸ்டியரிங் வழியாகக் கைக்குத் தகவல் சொல்கிறது. விறைப்பான பக்கச்சுவர் கொண்ட நவீனப் பந்தய வகை டயர் அதிக வேகம்வரை பிடித்துவைத்து, பின்பு முன்னறிவிப்பின்றிக் கைவிடக்கூடும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் கவனிக்க வேண்டிய இன்னொரு குறி உற்பத்தி நாள். 2000-ஆம் ஆண்டிலிருந்து அது நான்கு இலக்கங்களில் உள்ளது: 3518 என்றால் 2018-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரம். ஆண்டில் சில நூறு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காட்சிக் கார்களில் டயர் தேய்வதற்கு முன்பே இறுகிப்போகிறது. பள்ளங்கள் புதிதுபோல் தெரியும், ரப்பரோ நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்குக் கெட்டியாகியிருக்கும். ரிம்மிலும் ஒரு செய்தி உண்டு. காற்றுக் குறைந்தாலும் டயரின் விளிம்பு உள்பள்ளத்துக்குள் நழுவாமல் தடுக்கும் சிறு வரம்பு, பழைய ரிம்கள் எல்லாவற்றிலும் இருப்பதில்லை; அது இல்லாதவற்றில் ட்யூப் போடுவதே பாதுகாப்பு.

16 அங்குல ஃபூக்ஸ் வைத்திருப்போருக்கு வாய்த்ததோ விசித்திரமான நிலை. ஒருகாலத்தில் டர்போவின் முன்சக்கரத்துக்குரியதாக இருந்த 205/55 ஆர் 16, பிற்காலத்தில் ஐரோப்பியக் குடும்பக் கார்களின் மிகச் சாதாரண அளவாகிவிட்டதால், எந்தக் கடையிலும் பல நிறுவனங்களின் புதிய டயர்கள் கிடைக்கின்றன. அதன் இணையான பின்சக்கர 225/50 ஆர் 16 அப்படிப் பரவவில்லை; தெரிவு குறைவு, விலையும் கூடுதல். முன்னால் புதிய வடிவமும் பின்னால் பழைய வடிவமுமாகக் கலந்து மாட்டினால், பிடிப்பு முன்பக்கம் கூடிப் பின்பக்கம் குறைந்து, எடைக்கட்டிகளாலும் நீட்டிய அச்சுத்தூரத்தாலும் போர்ஷே அடக்கிய பழைய குணம் மறுபடி தலைதூக்கும். அதனால்தான் இவ்வகைக் கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகள் பின்டயர் என்ன கிடைக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அதே வரிசையில்தான் முன்டயரைத் தேர்கின்றன.